ஒரே கட்டடம், நாலு கூட்டம்: பிரிக் லேன் பள்ளிவாசல் பற்றி ஒரு கேள்வி

வாசகர் கேள்வி, ஏப்ரல் 5

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. லண்டனில் ஒரே கட்டடத்தில் கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம் மூன்று பேரும் சேர்ந்து வழிபடுகிறார்களாம். கீழே "இதைப் பார்த்தாவது திருந்துங்கள்" என்று ஒரு வரி. லண்டனில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், அப்படி ஒன்று உண்டா, இல்லை வழக்கமான வாட்ஸப் புளுகா?

ஏப்ரல் 5, இரவு 11.40

பாதி உண்மை. கட்டடம் இருக்கிறது. கிழக்கு லண்டனில் பிரிக் லேனும் ஃபூர்னியர் தெருவும் சந்திக்கிற மூலை. மூன்று மதத்தவரும் அங்கே வழிபட்டதும் உண்மை. "சேர்ந்து" என்கிற சொல்தான் புளுகு. ஒரு கூட்டம் போன பிறகு அடுத்தது வந்தது, அவ்வளவுதான். நாளைக்குக் காலை வேலை, மிச்சம் பிறகு.

ஏப்ரல் 6

சரி, கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். 1990இல் நான் லண்டன் வந்த புதிதில் அந்தப் பள்ளிவாசலிலிருந்து நாலு நிமிட நடையில் ஒரு தோல் ஜாக்கெட் தைக்கிற இடத்தில் வேலை செய்தேன். அதனால் இந்தக் கட்டடத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

கட்டியது 1743இல். கட்டியவர்கள் ஹூகெனோக்கள், அதாவது பிரான்சில் இருந்த புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1598இல் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்திருந்த நாந்து நகர் ஆணையை 1685இல் பதினான்காம் லூயி ரத்துச் செய்தான். அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக சுமார் 50,000 பேர் இங்கிலாந்துக்கு ஓடி வந்தார்கள். ஆங்கிலத்தில் அகதிக்கு இன்று இருக்கிற சொல்லே இவர்களோடு பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சொல்லை முத்திரையாகக் குத்தியபோது அதன் வயது 300 என்று எனக்குத் தெரியாது.

அவர்களில் பட்டு நெசவாளர்கள் பிரிக் லேன் இருக்கிற ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் குடியேறினார்கள். தங்களுக்குக் கட்டிக்கொண்ட கோயிலின் பெயர் "நவ் எக்லீஸ்", புதிய தேவாலயம். கவனியுங்கள், ஓடி வந்தது 1680களில், இந்தக் கட்டடம் 1743இல். இதைக் கட்டியது கப்பலில் வந்து இறங்கியவர்கள் இல்லை, பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். முதல் தலைமுறைக்கு வாடகை கட்டவே சரியாக இருந்திருக்கும்.

பிறகு மெதடிஸ்டுகள், புரொட்டஸ்டன்டுகளில் இன்னொரு பிரிவு, 1819 முதல். 1898இல் யூதர்கள் அதை ஜெப ஆலயமாக்கினார்கள், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெரிய சினகாக். 1970 வாக்கில் அவர்கள் போய்விட, 1976இல் வங்காளதேச முஸ்லிம்கள் பள்ளிவாசலாகத் திறந்தார்கள். இன்று வரை அதுதான், பிரிக் லேன் ஜாமே மஸ்ஜித்.

ஏப்ரல் 6, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. 1743இலிருந்து நேரே 1819க்குத் தாவிவிட்டேன். நடுவில் 1809 முதல் பத்து வருஷம் அதை வைத்திருந்தது யார் தெரியுமா? யூதர்களைக் கிறிஸ்தவர்களாக மாற்றுவதற்கென்றே லண்டனில் தொடங்கிய ஒரு சங்கம். "யூதர் சேப்பல்" என்றே பெயர் வைத்து யூதர்களைக் கூப்பிட்டுப் பிரசங்கம் செய்து பார்த்தார்கள். பிறகு அந்தச் சங்கம் இடத்தை விட்டுப் போயிற்று.

அதற்கு எண்பது வருஷம் கழித்து யூதர்கள் வரத்தான் வந்தார்கள். சாவியோடு.

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் குடும்பக் குழுவில் படத்தைப் போட்டவருக்கு இதைத் திருப்பி அனுப்புங்கள்.

ஏப்ரல் 8

"ஏன் திரும்பத் திரும்ப அதே மூலை? லண்டனில் வேறு இடமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. மதம் எதுவும் அதற்குப் பதில் இல்லை, ஊசி நூல்தான் பதில் என்பது என் கட்சி.

அந்த இடம் பழைய லண்டன் நகர எல்லைக்கு வெளியே. நகரத்துக்குள் தொழில் செய்யக் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாடு, வெளியே அவ்வளவு இல்லை. துறைமுகம் பக்கம். வாடகை குறைவு. நெசவாளர் வந்தார்கள், பட்டு நெய்தார்கள். 1773இல் சட்டம் போட்டு நெசவுக் கூலியை நிர்ணயித்தார்கள், 1824இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள், 1860இல் பிரெஞ்சுப் பட்டுக்கு வரி நீங்கியதும் மிச்சமிருந்த தறிகளும் படுத்தன. ஆனால் துணி வியாபாரம் போகவில்லை. 1881இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொலையான பிறகு யூதர்கள் மேல் தாக்குதல் தொடங்கி, அடுத்த முப்பது சொச்ச வருஷத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் யூதர்கள் பிரிட்டனுக்கு வந்தார்கள். கையில் என்ன தொழில்? தையல். எங்கே போவார்கள்? துணி இருக்கிற இடத்துக்கு. பிறகு வங்காளதேசத்தின் சில்ஹெட் ஆட்கள், கப்பலில் கரி அள்ளவும் சமைக்கவும் வந்து இறங்கியவர்களின் வழியாக ஊரே வந்தது. அவர்களுக்கும் கிடைத்தது தையல் மெஷின், அப்புறம் தோல் ஜாக்கெட்.

அப்புறம் நான். சாவகச்சேரியில் கணக்கு வாத்தியாராக வர வேண்டியவன், பிரிக் லேனுக்குப் பின்னால் ஒரு மேல்மாடியில் ஜாக்கெட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்தேன். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஊசி தோலில் ஏறும்போது ஒரு சத்தம் வரும். முப்பது வருஷமாகிறது, இன்னும் பல்லில் இருக்கிறது.

முதலாளி நல்ல மனுஷன் என்று எழுத ஆசைதான், ஆனால் கடைசி இரண்டு கிழமைச் சம்பளம் இன்னும் வரவில்லை.

அந்த மாடியில் வீட்டு அகலத்துக்கு ஒரு நீள ஜன்னல் இருந்தது. எங்கள் கட்டர் பாய், தோல் வெட்டுகிறவர், அவர் சில்ஹெட், "இது யூதன் வைத்த ஜன்னல், தைக்க வெளிச்சம் வேண்டுமென்று" என்பார். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மாதிரி மாடி ஜன்னல் ஹூகெனோக்கள் தறிக்கு வெளிச்சம் வரட்டும் என்று வைத்தது. தறிக்கு வைத்த ஜன்னலில் யூதன் தைத்து, வங்காளி தைத்து, கடைசியில் யாழ்ப்பாணத்தானும் தைத்தான்.

ஏப்ரல் 9

ஜன்னல் கதைக்கு அடி விழுந்திருக்கிறது. கட்டடக்கலை படித்த ஒருவர், "அந்தப் பக்கத்து நீள ஜன்னல் எல்லாம் ஹூகெனோ காலத்தது இல்லை, பிற்காலத்துப் பட்டறைகளிலும் அப்படி வைத்தார்கள், நீங்கள் வேலை செய்த தெரு எது?" என்று கேட்கிறார்.

தெருப் பெயரைச் சொன்னேன். அது 19ஆம் நூற்றாண்டுக் கட்டடமாகத்தான் இருக்கும் என்கிறார். ஆக, கட்டர் பாய் சொன்னதுதான் சரியாக இருக்கலாம். நான்தான் கெட்டிக்காரத்தனமாக 150 வருஷம் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். ஃபூர்னியர் தெருவிலும் பிரின்ஸ்லெட் தெருவிலும் இருக்கிற மாடிகள் அசல் நெசவாளர் மாடிகள், அதில் சந்தேகமில்லை. என் மாடி அசல் இல்லை, போகட்டும். ஊசி நூல் கட்சியை மட்டும் நான் விடுவதாக இல்லை.

ஏப்ரல் 12

"சர்ச்சை இடித்துத்தானே மசூதி ஆக்கினார்கள், அதை ஏன் மழுப்புகிறீர்கள்?" என்று ஒருவர். ஐயா, எதையும் யாரும் இடிக்கவில்லை. 1743இல் எழுப்பிய அதே செங்கல் சுவர்தான் இன்றும் நிற்கிறது. பிடுங்கவும் இல்லை. தங்கள் ஆட்கள் குறைந்து, கூரைக்குச் செலவு ஏறி, மூடிக்கொண்டு போனவர்களின் இடத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் அடுத்தவர்கள் வந்தார்கள். காலி வீட்டுக்குக் குடி வருகிற மாதிரி. கட்டடம் இப்போது உயர் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, இரண்டாம் தர நட்சத்திரம் என்பார்கள். நினைத்தபடி ஆணி கூட அடிக்க முடியாது. 2009இல் மினார் மாதிரி ஒன்றை எழுப்பியபோது கட்டடத்தின் தலையில் வைக்காமல் பக்கத்தில் தனியாக நிறுத்தினார்கள். எவர்சில்வர், 29 மீட்டர், இரவில் நிறம் மாறும். எனக்குப் பிடிக்கவில்லை. என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது, கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கிறதாம்.

இது ஒன்றுதான் இப்படி என்றும் இல்லை. பத்து நிமிட நடையில் சாண்டிஸ் ரோ என்கிற சந்தில் 1766இல் ஹூகெனோக்கள் கட்டிய இன்னொரு தேவாலயம், 1860களின் கடைசியில் ஒல்லாந்து யூதர்கள் எடுத்தார்கள், இன்றும் சினகாக்காகவே நடக்கிறது. அங்கே ஒரு வேடிக்கை. கிழக்குச் சுவரில்தான் வேதச் சுருள் வைக்கிற தோரா பேழை இருக்க வேண்டும், ஆனால் பழைய வாசல் கிழக்கே இருந்தது. வாசலை அடைத்துவிட்டு மறுபக்கம் புது வாசல் வைத்தார்கள். நம் ஊரில் வாஸ்துக்காரர் சொல்லி வாசலை மாற்றுவோமே, அதே வேலை.

ஒயிட்சாப்பல் பக்கம் ஃபீல்ட்கேட் தெருவில் 1899இல் திறந்த சினகாக் ஒன்று. அதைச் சுற்றி கிழக்கு லண்டன் பள்ளிவாசல் வளர்ந்து மூன்று பக்கமும் கட்டிக்கொண்டது. பல வருஷம் இருவரும் சுவரோடு சுவர் உரசிக்கொண்டு இருந்தார்கள். 2015இல் சினகாக்கைப் பள்ளிவாசலே வாங்கியது. உங்கள் வாட்ஸப் படத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருவது இதுதான், அதுவும் அயல்வீட்டுக்காரர்கள் என்கிற அளவில்.

ஏப்ரல் 13

நேற்று எழுதிப் படுத்த பிறகு ஒன்று உறைத்தது. அந்த மண்டபம் எல்லோருக்கும் ஏன் இவ்வளவு சுலபமாகப் பொருந்தியது?

ஹூகெனோக்கள் கால்வினிஸ்டுகள், கால்வின் என்கிற புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர் வழி வந்தவர்கள். சிலை இல்லை, படம் இல்லை, பலிபீட அலங்காரம் இல்லை. பிரசங்கம் கேட்க ஒரு பெரிய செவ்வகக் கூடம், சுற்றி மேல்மாடம், வெளிச்சத்துக்குப் பெரிய ஜன்னல்கள். இதைக் கொடுத்தால் மெதடிஸ்டுக்கு அப்படியே போதும். யூதனுக்கு உருவம் ஆகாது, அழிக்க எதுவும் இல்லை, மேல்மாடம் பெண்களுக்கு. முஸ்லிமுக்கும் உருவம் ஆகாது, பெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கம்பளம் விரித்தால் சரி. இதே இடத்தில் கத்தோலிக்கர்கள் மாதாவும் புனிதர்களுமாக ஒரு கோயில் கட்டியிருந்தால் கைமாறுவது இவ்வளவு லேசாக இருந்திருக்காது. லண்டனிலிருந்து பார்த்தால் எருசலேமும் மக்காவும் ஏறத்தாழ ஒரே பக்கம், தென்கிழக்கு. அது தற்செயல், ஆனால் நல்ல தற்செயல்.

நம் ஆட்கள் பாடு வேறு. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது முன்பு கிறிஸ்தவர்களின் சேப்பல். தெருவின் பெயரே சேப்பல் ரோடு. தேர் இழுக்கும்போது அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழேதான் தேங்காய் உடைபடுகிறது. ஆனால் நமக்கு வெறும் கூடம் போதாதே. கருவறை வேண்டும், பரிவாரம் வேண்டும், கொடிமரம் வேண்டும், சுற்றி வர வீதி வேண்டும். கூடத்துக்குள்ளே ஒரு கோயில் கட்ட வேண்டியிருக்கிறது. வெளியே சேப்பல், உள்ளே கருங்கல்.

ஏப்ரல் 13, மாலை

"யூதன் யூதன் என்று எழுதாதீர்கள், மரியாதை இல்லை" என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். முஸ்லிமுக்கு மட்டும் "அவன்" போடவில்லையே என்றும் சுட்டுகிறார். பார்த்தேன், நியாயம்தான். கட்டர் பாய் வாயில் வந்தது என் கையிலும் ஒட்டிக்கொண்டது. இனி யூதர்.

ஏப்ரல் 15

சூரியக் கடிகாரம் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால்தான். ஃபூர்னியர் தெருப் பக்கச் சுவரில், தெற்கு பார்த்து, மேலே உயரத்தில் இருக்கிறது. 1743 என்று வருஷமும், அம்ப்ரா சுமுஸ் என்று லத்தீனும். "நாம் நிழல்" என்று பொருள். ரோமக் கவிஞர் ஹொரேஸின் வரியிலிருந்து எடுத்தது. அவர் "தூசியும் நிழலும்" என்று சொன்னார், இவர்கள் தூசியை விட்டுவிட்டார்கள். லண்டனில் அது தனியாக எழுத வேண்டிய விஷயம் இல்லை போல.

வழிகாட்டிகள் அதன் கீழே ஆட்களை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, வந்தவர்கள் எல்லாம் நிழலாகப் போனார்கள் என்று உருகுவார்கள். சூரியக் கடிகாரத்தில் நிழலைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவது? நான் அங்கே வேலை செய்த பதினாலு மாதத்தில் அதில் ஒரு தடவையாவது நிழல் விழுந்து பார்த்த நினைவு இல்லை. ஒன்று மேகம், இல்லையென்றால் நான் மெஷினில்.

ஏப்ரல் 19

கிண்டல் போதும், சண்டைக் கதை ஒன்று.

1898இல் அந்தக் கட்டடத்தை எடுத்த யூதர்கள் சாதாரண யூதர்கள் இல்லை. மஹ்ஸிகே ஹதாத் என்கிற கூட்டம், "மதத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள்" என்று பொருள். ரஷ்யாவிலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் புதிதாக வந்த ஏழைகள். ஏற்கெனவே லண்டனில் பணமும் பதவியுமாக இருந்த ஆங்கில யூதர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். முக்கியமாக இறைச்சி. தலைமை ரபியின், அதாவது தலைமை யூத மதகுருவின், கண்காணிப்பில் அறுக்கிற இறைச்சி சுத்தமில்லை என்று சொல்லித் தனியாக அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். வருஷக்கணக்கில் இழுபறி, பிறகுதான் சமரசம். முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே ரபியாக இருந்தவர் ஆபிரகாம் ஐசக் கூக், பிறகு பாலஸ்தீனத்தில் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி) யூதர்களின் தலைமை ரபியாகப் போனார். அந்த மூலைக்குள் அவ்வளவு பெரிய ஆள் இருந்திருக்கிறார்.

எங்கள் வேலைத்தலத்துக்கு பட்டனும் ஜிப்பும் கொண்டுவந்து போடுகிற வயசான யூதர் ஒருவர் இருந்தார். ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, பள்ளிவாசலைக் காட்டி, "இது உங்கள் கோயிலாக இருந்ததாமே, மனசுக்குக் கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன். உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் சிரித்தார். "எங்கள் அப்பா அந்தப் படியை மிதித்ததே இல்லை. அவர்கள் எங்களை யூதர்களாகவே மதிக்கவில்லை" என்றார். முஸ்லிம்கள் எடுத்தது அவருக்குப் பொருட்டாகவே இல்லை, தகப்பன் காலத்துக் கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

நம் கோயில் நிர்வாகக் குழுக்களில் இருந்தவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டீர்கள். நான் ஒன்றில் மூன்று வருஷம் பொருளாளராக இருந்தேன். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு இரண்டு பக்கமும் சாவியோடு நின்ற நாளும் உண்டு. எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள்.

மே 4

இன்று அல்தாப் அலி நாள். முன்னே எழுதியதெல்லாம் ஒரு பிறவிப் பொறுமையோடு எல்லோரும் வீடு மாறிக் குடி வந்த மாதிரி இருக்கிறது, திரும்ப வாசித்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வந்தவர்கள் அப்படி வரவில்லை.

1905இல் வெளிநாட்டவர் வரவைத் தடுக்க நவீன காலத்தின் முதல் சட்டம் வந்தது, அது யூதர்களை மனதில் வைத்துத்தான். 1936இல் ஓஸ்வால்ட் மோஸ்லி என்கிற அரசியல்வாதியின் பாசிஸ்டுகளைக் கிழக்கு லண்டன் மக்கள் கேபிள் தெருவில் மறித்தார்கள். பள்ளிவாசல் திறந்து இரண்டே வருஷத்தில், 1978 மே 4, தோல் உடை தைக்கிற தொழிலாளியான அல்தாப் அலி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 25க்கு மேல் இருக்காது. பத்து நாள் கழித்து அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் சுமார் 7,000 பேர் பிரதமர் வீடு வரை நடந்தார்கள். பிரிக் லேன் முனையில் ஞாயிறுதோறும் வந்தேறிகளை வெறுக்கிற தேசிய முன்னணிக் கட்சிக்காரர்கள் பத்திரிகை விற்றுக்கொண்டு நின்ற காலம் அது.

நான் சேர்ந்தது பன்னிரண்டு வருஷம் கழித்து. அப்போதும் கட்டர் பாய் இருட்டிய பிறகு தனியாகப் போக விடமாட்டார். மூன்று பேராவது சேர்ந்துதான் இறங்க வேண்டும். அது ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரிலும் இருட்டிய பிறகு தனியாகப் போவதில்லையே, அது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அல்தாப் அலி பெயரில் இப்போது ஒயிட்சாப்பலில் ஒரு பூங்கா இருக்கிறது, 1998 முதல். முன்பு அதன் பெயர் புனித மரியாள் பூங்கா. அங்கே இருந்த வெள்ளைத் தேவாலயத்தால்தான் ஒயிட்சாப்பலுக்கே அந்தப் பெயர். 1940இல் குண்டு விழுந்து தேவாலயம் போயிற்று. அந்த இடமும் கைமாறியிருக்கிறது, கட்டடம் இல்லாமலே.

இன்னொன்று. 1999 ஏப்ரலில் பிரிக் லேனில் ஆணிக் குண்டு வைத்தவன், சந்தை சனிக்கிழமை என்று நினைத்து வந்தான். சந்தை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஓய்வெடுக்கிற யூத வியாபாரிகளால்தான் அங்கே ஞாயிறு சந்தை பெருகியது. குண்டு சனிக்கிழமையே வெடித்தது, 13 பேருக்குக் காயம், யாரும் சாகவில்லை. ஊரை விட்டுப் போய்விட்ட ஒரு கூட்டத்தின் ஓய்வு நாள் அன்றைக்கு எத்தனை பேரைக் காப்பாற்றியதோ.

மே 5

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர், "நீங்கள் எப்போதாவது உள்ளே போயிருக்கிறீர்களா?" என்று. ஒரே ஒரு தடவை. மார்கழியில் வேலைத்தலத்து ஹீட்டர் பழுதாகி விரல் மடங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் தொழுகைக்குப் போக, "நீயும் வா, பின்னால் உட்கார், சூடாக இருக்கும்" என்று கட்டர் பாய் இழுத்துக்கொண்டு போனார். சப்பாத்தைக் கழற்றினால் என் காலுறையில் பெருவிரல் வெளியே. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, 1743ஆம் வருஷத்துக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விரலை மடக்கி மறைத்துக்கொண்டிருந்தேன். சுவரையோ ஜன்னலையோ பார்க்கவில்லை. சூடு நன்றாக இருந்தது.

மே 11

"அடுத்து யார் எடுப்பார்கள்?" என்று கேட்டவருக்கு. ஜோசியம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கூட்டமும் எப்படிப் போனது என்று பார்த்தால் துரத்தப்பட்டு ஒன்றும் போகவில்லை. ஹூகெனோக் கோயிலில் பிரசங்கம் பிரெஞ்சில். பேரன்களுக்கு ஆங்கிலம்தான் வந்தது, ஆங்கிலக் கோயிலுக்குப் போனார்கள். மெதடிஸ்டுகள் தெருவே யூதர் மயமானதும் குறைந்தார்கள். யூதர்கள் கையில் நாலு காசு வந்ததும் கோல்டர்ஸ் கிரீன், ஸ்டாம்ஃபோர்ட் ஹில் என்று போனார்கள். பிரிக் லேனின் வடக்கு முனையில் இரவும் பகலும் திறந்திருக்கிற பேகல் (யூதர்களின் வளைய ரொட்டி) கடை மட்டும் மிச்சம், உப்பிட்ட மாட்டிறைச்சி வைத்துத் தருவார்கள், வரிசையில் நிற்க வேண்டும். வங்காளிப் பிள்ளைகளும் இப்போது இல்ஃபோர்ட், பார்க்கிங் என்று வீடு வாங்கிப் போகிறார்கள். நான் தைத்த மாடியில் இப்போது விளம்பரக் கம்பெனி, கீழே ஒரு கோப்பை காப்பிக்கு நான் அன்று அரை நாள் தைக்க வேண்டும். ஊசி நூல் போய்விட்டது. ஆக, என் கட்சிப்படியே பார்த்தால் அடுத்து வருகிற ஏழைக் கூட்டம் அந்த மூலைக்கு வர வழியில்லை, வாடகை கட்டாது. அந்தப் பள்ளிவாசல் கைமாறாமலே நிற்கலாம். முதலில் எழுதத் தொடங்கியபோது இப்படி முடியும் என்று நான் நினைக்கவில்லை.

பிரெஞ்சு விஷயம்தான் எனக்குக் குத்துகிறது. என் மகள் கோயிலுக்கு வருகிறாள், சுண்டல் சாப்பிடுகிறாள், தேவாரம் பாடும்போது கைபேசியைப் பார்க்கிறாள். விளங்கவில்லை அப்பா என்கிறாள். எனக்கும் முழுசாக விளங்காது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மே 18

இன்று ஈலிங்குக்குப் போனோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது மகள் தெருப் பெயரைப் பார்த்துவிட்டு, "சேப்பல் எங்கே?" என்றாள். "இதுதான்" என்றேன். "அப்போ அவர்கள் எங்கே போனார்கள்?" என்றாள். பிரிக் லேன் மூலையைப் பற்றி ஒரு மாதமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு, இருபத்தைந்து வருஷமாகப் போய் வருகிற இந்த இடத்தில் முன்பு கும்பிட்டது யார், என்ன பாட்டுப் பாடினார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒன்றும் தெரியாது.

சப்பாத்து வைக்கிற இடத்தில் நின்ற ஒரு வயசான ஐயாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதை எங்களுக்கு வித்த ஆக்களைத்தான் கேட்கோணும் தம்பி. ஏன், திருப்பிக் கேக்கினமோ?" என்றார்.

இல்லை ஐயா, சும்மா கேட்டேன் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.